நாற்பத்தேழாம் குட்டி

இருமலை எண்ணுவதற்கு ஓர் ஆள் வைப்பார்களா என்று சிரிக்காதீர்கள். அந்தப் பன்றிப் பண்ணையில் வைத்திருந்தார்கள். தினமும், கொட்டகைக்குப் பத்து நிமிஷம், உள்ளே ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து எத்தனை இருமல் கேட்டது என்று தாளில் எழுத வேண்டும். தும்மலைச் சேர்க்கக் கூடாது. தூசிக்குச் செருமுவதைச் சேர்க்கக் கூடாது. நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பும் வறட்டு இருமல் மட்டும்தான். நாலு வருஷமாக இதைச் செய்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? எல்லோருக்கும் அவள் இருமலக்காதான்.

தீவன வண்டி டிரைவர் வாசலில் வண்டியை நிறுத்தியதும் வேண்டுமென்றே இரண்டு முறை இருமுவார்.

"அக்கா, ரெண்டு எழுதிக்கங்க."

"பன்னி இருமினாத்தான் எழுதுவேன்."

"அப்ப தாராளமா எழுதலாம். என் பொண்டாட்டி என்னை அப்படித்தான் கூப்பிடுறா."

தினமும் இதே ஜோக். தினமும் அவள் சிரித்தாள்.

இந்த ஆராய்ச்சி கால்நடை டாக்டரம்மாவுடையது. பழைய கொட்டகையில் இருமல் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. தாயிடமிருந்து குட்டிக்கு, குட்டியிடமிருந்து பக்கத்துக் குட்டிக்கு. மருந்தை மேலும் மேலும் கொட்டாமல் அதை நிறுத்த முடியுமா என்று பார்க்கத்தான் நோயில்லாத தாய்ப் பன்றிகளை வைத்துப் புதுக் கொட்டகை கட்டினார்கள். சட்டம் இரண்டே இரண்டு. காலையில் முதலில் புதுக் கொட்டகை, அப்புறம் பழையது. பழையதில் கால் வைத்துவிட்டால் அன்றைக்குத் திரும்பக் கூடாது. இன்னொன்று, எந்தத் தாய்க்குப் பிறந்ததோ அந்தக் குட்டி அந்தத் தாயிடமே இருக்க வேண்டும். பால் கிடைக்காமல் செத்தாலும் இடம் மாற்றக் கூடாது.

சட்டம் போடுவது சுலபம். செத்துக்கொண்டிருப்பதை உட்கார்ந்து பார்ப்பவளுக்கல்லவா தெரியும்!

பழைய கொட்டகையில் ஒரு பன்றி பதினாலு குட்டி போட்டது. பால் வந்த காம்பு பன்னிரண்டு. கடைசிக் குட்டி ஓர் உள்ளங்கை அளவு. முதுகில் பெயிண்ட்டால் நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதவே இடம் போதவில்லை. முண்டியடித்து வரும், மற்றவை தள்ளிவிடும், மறுபடி வரும். மூன்றாம் நாள் அது வருவதையும் விட்டுவிட்டது. விளக்குக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

அன்று காலைதான் புதுக் கொட்டகையில் ஒரு தாய் புரண்டு படுத்ததில் நாற்பத்தேழாம் குட்டி நசுங்கிச் செத்திருந்தது. அங்கே ஒரு காம்பு சும்மா கிடந்தது. இங்கே ஒரு வாய் சும்மா கிடந்தது.

இருமலக்காவுக்கு மனசு கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அவளுடைய அக்கா பிரசவம் முடிந்த நாற்பதாம் நாள் போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றித் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தவள் அவள். வேறு வீட்டில், வேறு கையில் வளர்ந்த பிள்ளை இன்று கல்லூரிக்குப் போகிறது. இடம் மாற்றினால் பிழைக்கும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமா?

குட்டியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். திரும்பிப் போகக் கூடாத வழியில் திரும்பிப் போனாள். கையைக் கழுவினாள், பூட்ஸை மாற்றினாள், அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டாள். முதுகிலிருந்த எண்ணைத் துடைத்துவிட்டு நாற்பத்தேழு என்று எழுதினாள்; நசுங்கிச் செத்ததை இன்னும் தாளில் ஏற்றியிருக்கவில்லை. பழைய கொட்டகைத் தாளில் நூற்றுப்பன்னிரண்டுக்கு நேராக 'இறந்தது' என்று எழுதித் தேதி போட்டாள். குட்டி காம்பைக் கவ்விய வேகத்தைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறு வாரத்தில் அது கொழுகொழுவென்று ஆனது. அவள் நாக்கைச் சொடுக்கினால் போதும், மற்றவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவரும்.

ஒரு காலை, புதுக் கொட்டகையில், முக்காலியில் உட்கார்ந்த நாலாவது நிமிஷம் அவளுக்கு ஓர் இருமல் கேட்டது. நாலு வருஷம் பழகிய காது, தப்பவே தப்பாது. தாளில் பூஜ்யம் என்று எழுதினாள். அவள் எழுதிய முதல் பொய் 'இறந்தது', இரண்டாவது இந்தப் பூஜ்யம். மறுநாள் பதினொன்று கேட்டது. பதினொன்றை மறைக்க முடியுமா?

டாக்டரம்மா கூண்டுக்குக் கூண்டு பருத்திக் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டாள். குட்டிகள் விளையாட்டாக மென்ற கயிற்றைப் பிழிந்து எச்சிலைச் சோதனைக்கு அனுப்பினாள். நாலு நாளில் பதில் வந்தது. பழைய கொட்டகையின் கிருமிதான், அச்சு அசல்.

இரண்டு கொட்டகைக்கும் போய்வருகிற வெளியாள் யார்? டிரைவர்தான். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, பூட்ஸ் மாத்தாம நான் உள்ள வந்ததே இல்ல. நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

அன்று அவர் இருமிக் காட்டவில்லை. அவள் முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் அக்கா மகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "என்ன சித்தி, சாப்பிடாம சோத்தையே பார்த்துட்டு இருக்கீங்க?" என்றாள். இருமலக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அந்தக் குட்டி இப்ப நல்லா இருக்கா?"

"அதுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு. மத்ததெல்லாம் இருமுது, அது இருமல."

"அப்ப சொல்லாதீங்க சித்தி. சொன்னா அதைக் கொன்னுடுவாங்க."

"சொல்லலைன்னா அந்த மனுஷன் பொழப்பு போயிடுமே."



மறுநாள் டாக்டரம்மா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. "இந்த முறையில இருமலைத் தடுக்க முடியாதுன்னுதான் எழுதணும்கா. வேற வழியில்ல," என்றாள்.

"டாக்டரம்மா, முறை தப்பில்ல. டிரைவரும் இல்ல. நான்தான்."

நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். டாக்டரம்மா கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நாலு வருஷம்கா."

"ஒரு குட்டிதானேன்னு நெனச்சுட்டேன்."

"எல்லாப் பண்ணையிலயும் அப்படித்தான்கா நெனைக்கிறாங்க. அதுக்குத்தான் அந்தச் சட்டமே." முதல் வேலையாக டிரைவருக்கு ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு ஃபோனை வைத்துவிட்டு இருமலக்கா பக்கம் திரும்பினாள். "அது எந்தக் குட்டி?"

"எதுக்கு?"

"கொட்டகை முழுக்கக் காலி பண்ணத்தான் போறோம். ஆனா மத்ததுக்கெல்லாம் நோய் புதுசு. அதோட நுரையீரல்ல மட்டும் பழைய தழும்பு இருந்தா, நோய் அதுகூடத்தான் உள்ள வந்துச்சுன்னு காட்டலாம். முறை சரின்னு எழுதலாம். அறுத்துத்தான் பார்க்கணும்கா. நீங்க வெளியில இருங்க, வேற ஆளைப் பிடிக்கச் சொல்றேன்."

"வேணாம். வேற ஆள் தொட்டா பயந்துக்கும்."

அவள் நாக்கைச் சொடுக்கினாள். சனியனே, இன்றைக்காவது வராமல் இருக்கக் கூடாதா! மற்றவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாய் ஓடிவந்து ஏப்ரன் பையில் மூக்கை நுழைத்தது. இப்போது அந்தப் பைக்குள் அதன் தலைகூடக் கொள்ளவில்லை. மடியில் போட்டு அணைத்துக்கொண்டாள். டாக்டரம்மா ஊசி போட்டாள். அதன் உடம்பு தளரும்வரை அவள் அதன் காதுமடலைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசிவரை அது ஒரு தடவைகூட இருமவில்லை.

அரை மணி கழித்து டாக்டரம்மா ஸ்டீல் தட்டோடு வந்தாள். நுரையீரலின் ஓரத்தில், விரல் நுனி அளவுக்கு, இரண்டு கறுத்த சுருக்கங்கள்.

"இருக்குக்கா," என்றவள் முகத்தில் ஒரு நிமிஷம் நிம்மதி தெரிந்தது. தெரிந்ததற்கு அவளே வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தாளில் எண்ணைத் திருத்த வேண்டும். இருமலக்கா நாற்பத்தேழை அடித்துவிட்டு, அதன் சொந்த எண்ணைத் தேடிப் பழைய கொட்டகைத் தாளைப் புரட்டினாள். நூற்றுப்பன்னிரண்டு. அவள் கையெழுத்துதான்.

"டாக்டரம்மா, இது செத்துப்போச்சுன்னு நான் முன்னாடியே எழுதிட்டேனே."

"தேதியை மட்டும் மாத்துங்கக்கா."

அவள் தேதியை மாற்றினாள்.