அலுங்காமல் இழுத்த வண்டி

கியர்பாக்ஸில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. இதைத் தமிழில்தான் சொன்னேன். தொண்டை கட்டும்வரை சொன்னேன். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

காலையில் ஜல்லி இறக்கிவிட்டுத் திரும்பும்போது கியர் விழாமல் என் லாரி சன்னதித் தெருவில் நின்றுவிட்டது. மெக்கானிக் அந்தோணி அண்ணன் வந்து, அடியில் படுத்து, கியர்பாக்ஸ் ஆயில் மொத்தத்தையும் பேசினில் இறக்கினார். பால் டீ நிறத்தில் இருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"தண்ணி பூந்துடுச்சு வேலு. வாட்டர் சர்வீஸ் உட்டப்ப பூந்திருக்கும். ஆனா இரும்புத்தூள் இல்ல. பல்லு, பேரிங் எல்லாம் நல்லா இருக்குது. புது ஆயில் ஊத்துனா பொழச்சிக்கும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூரம் கிராமத்தில் இருந்த நிலத்தை விற்று வாங்கிய வண்டி இது. இது படுத்தால் நானும் என் பெண்டாட்டி கிருஷ்ணவேணியும் படுக்க வேண்டியதுதான்.

அண்ணன் ஆயில் வாங்கப் போனார். பின்னாலேயே தெருவை அடைத்துவிட்டார்கள். பங்குனி உத்திரம், சாமி புறப்பாடு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆயில், இந்தப் பக்கம் வண்டி. போனில் அண்ணன் கத்தினார்.

"யாராவது இழுக்க வந்தா மொதல்ல கியர்பாக்ஸ்லேர்ந்து பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்டைக் கழட்டிடு! பின்சக்கரம் சுத்துனா கியர்பாக்ஸும் உள்ள சுத்தும். காஞ்சி கெடக்குது, எரிஞ்சிடும்!"

அதற்குள் கலியாணசுந்தரம் ஐயா வந்துவிட்டார். தறிக்காரர், திருவிழாக் கமிட்டியில் பெரியவர். கோபித்துக்கொள்ளத் தோன்றாத முகம்.

"இப்டி நட்ட நடுவுல நின்னுக்கினு இருந்தா சாமி எப்டிப்பா வரும்? டிராக்டர் சொல்லியிருக்கேன்."

"ஐயா, உள்ள ஆயில் இல்லீங்க. ஷாஃப்டைக் கழட்டிக்கிறேன், அரை மணி நேரம் குடுங்க."

"நீ ஓட்டப் போறதில்லியே, இழுக்கத்தானே போறோம்? பாவு இழை அறுந்துடாம இழுக்கிறாப்பல அலுங்காம இழுக்கச் சொல்றேன். ஒண்ணும் ஆவாதுபா."

மெதுவாக இழுத்தால் எதுவும் கெடாது என்பது அவருடைய நம்பிக்கை. பட்டு இழைக்கு அது சரி. என் வண்டிக்கு மெதுவும் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். இதை எப்படி விளக்க, யாரிடம் விளக்க?

ஸ்பேனரோடு அடியில் புகுந்தேன். ஒரு போல்ட் கழன்றது. அடுத்தது துரு பிடித்து அசையவில்லை. மேளச் சத்தம் நெருங்கியது. யாரோ நாலு பேர் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

"அண்ணே, நசுங்கிடப் போறீங்கண்ணே!"

சட்டையைத் தட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் வேறு கொடுத்தார்கள். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். பாவிகள், பாசமாக இருக்கிறார்களே!

டிராக்டரில் சங்கிலி மாட்டியாயிற்று. லாரி ஓட்டவே தெரியாத ஒருத்தன் என் சீட்டில் ஏறப் போனான். பந்தலைச் சாய்த்து யாரையாவது கொன்றுவிடுவான். அவனைத் தள்ளிவிட்டு நானே ஏறினேன்.

வண்டி நகர்ந்தது. முதலில் காலுக்கடியில் மெல்லிய ஓலம் கேட்டது. போகப் போக மண்ணை அரைக்கிற சத்தம். பிரேக்கை மிதித்திருக்கலாம். ஆனால் பின்னால் சாமி, முன்னாலும் பக்கத்திலும் குழந்தைகளோடு ஜனம். கால் போகவில்லை. ஹாரன் அடித்தேன். உற்சாகத்தில் அடிக்கிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அழுதுகொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். சந்துகளில் எல்லாம் கடை போட்டிருந்ததால் ஊரைச் சுற்றி ஐயம்பேட்டை ரோடு வரைக்கும் இழுத்தார்கள். பாதி வழியிலேயே கருகல் வாடை வந்துவிட்டது.

நிறுத்தியதும் கலியாணசுந்தரம் ஐயா வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"பாத்தியா, ஒரு கீறல் இல்ல. நல்லா இருக்கணும்பா நீ."

நெற்றியில் விபூதி பூசினார். நானும் குனிந்து கொடுத்தேன். வேறென்ன செய்ய?

எல்லோரும் போன பிறகு போன் அடித்தது. அந்தோணி அண்ணன்.

"ஆயில் கெடச்சிடுச்சு வேலு! நல்ல நேரத்துல பாத்தோம், வண்டி தப்பிச்சுது. தடுப்பை எடுத்ததும் ஓடியாந்துடறேன்."

"அவசரமில்லண்ணே," என்றேன். "மெதுவா வாங்க."