மண்ணாங்கட்டி கொலைகாரன் அல்ல

1

இப்போதெல்லாம் கொலையைப் பார்த்தால் ஜனங்கள் சிரிக்கிறார்கள். பஸ்ஸில் சிரிக்கிறார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் சிரிக்கிறார்கள், சாவு வீட்டில்கூட. போனை நீட்டி அடுத்தவனுக்குக் காட்டுகிறார்கள். அவனும் சிரிக்கிறான். பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதும் ஒரு மரியாதைதான். அது போய்விட்டது.

இந்தக் கதை அடையாறு டெப்போவில் பிறந்தது. ஒழுங்காகச் சொன்னால், அங்கே பஸ்ஸுக்கு நின்றபோது வந்த கோபத்தில் பிறந்தது. பக்கத்தில் இரண்டு காலேஜ் பெண்கள். ஒருத்தி மற்றவளிடம், "மச்சி, மண்ணாங்கட்டி குட்மார்னிங் சொல்றான் பாரு" என்றாள். போனில் ஒரு பொம்மை. கொம்பு, முட்டைக்கண், துருத்திய நாக்கு, கையில் இளநீர் சீவுகிற கத்தி. கத்தி முனையில் ரோஜாப்பூ.

மண்ணாங்கட்டி என் பேர். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அதுதான். வயது எழுபத்திரண்டு. படிப்பு ஐந்தாவது. சினிமாவில் லைட்மேனாக முப்பத்தைந்து வருஷம்.

இனி "நான்" கிடையாது. "நான்" என்று எழுத ஆரம்பித்தால் அழுகை வருகிறது. எழுதுகிறவன் அழுதால் நீங்கள் சட்டென்று நம்பிவிடுவீர்கள். அப்படி நம்பவைத்துத்தான் சினிமாக்காரன் பிழைக்கிறான். ஆகவே "மண்ணாங்கட்டி" என்றே எழுதுகிறேன். அந்தப் பேரை வைத்து எத்தனையோ பேர் கதை பண்ணியாயிற்று. பேருக்குச் சொந்தக்காரன் ஒரு தடவை பண்ணக்கூடாதா?

2

முதல் ஆரம்பம்: "அது ஒரு மழை இரவு. அடையாற்றங்கரையில் பாழடைந்த பங்களா ஒன்றில்—"

வேண்டாம். அது பட்டப்பகல். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டித்தான் ராத்திரி பண்ணினார்கள். (கட்டினது மண்ணாங்கட்டி.)

இரண்டாவது ஆரம்பம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் ஒரு நல்ல டைரக்டர்—"

நல்லவரா என்று யாருக்குத் தெரியும்? சாப்பாட்டு நேரத்தில் லைட்காரர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவ்வளவுதான் தெரியும். அப்படி ஒரு மத்தியானம், "உனக்கு ஏன்யா இப்படி ஒரு பேரு?" என்று கேட்டார்.

மண்ணாங்கட்டி சொன்னார். அவருடைய ஆத்தா தேவானைக்கு அவருக்கு முன்னால் மூன்று பிள்ளைகள். மூன்றும் நாற்பது நாள் தாண்டவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும், ஆற்றோரக் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். சொல்லிவைத்தபடியே எதிர்வீட்டுக்காரி தூக்கிவந்து, "குப்பையில கெடந்துச்சு, ஒனக்கு வேணுமா?" என்று கேட்டாள். தேவானை ஒரு முறம் தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இது தேவானை பெற்றது இல்லை, எவளோ எறிந்த குப்பை என்று எமன் நினைக்க வேண்டும். பேரும் அதற்குத் தகுந்த மாதிரி. மண்ணாங்கட்டியை எவன் தேடிக்கொண்டு வருவான்?*

டைரக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சின்ன நோட்டு ஒன்றில் எதையோ குறித்தார்.

* மூடநம்பிக்கை என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஆள் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

3

படம் வந்தது. புது வீட்டு வாசலில் கட்டுவார்களே, அந்தத் திருஷ்டி பொம்மை முகத்தை மாட்டிக்கொண்ட ஒருத்தன் ஏழு பேரை வெட்டினான். வாயே திறக்கமாட்டான். ஏன் வெட்டுகிறான் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. போலீஸ் சுட்டதும் ஆற்றில் விழுந்தான். அவனுக்கு மண்ணாங்கட்டி என்று பேர் வைத்திருந்தார்கள்.

மண்ணாங்கட்டிக்கு அன்றைக்குப் பெருமைதான். (ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ள வேண்டும். மயிலாப்பூர் தியேட்டரில் தன் பேரைக் கேட்டு ஜனங்கள் அலறியபோது விசிலடித்தார்.)

இரண்டாம் பாகத்தில் ஆற்றிலிருந்து எழுந்து வந்தான். அதற்குள் பேச்சு வந்துவிட்டது. வெட்டுவதற்கு முன்னால் கையை உயர்த்தி வசனம் பேசினான். மூன்றாம் பாகத்தில் கதாநாயகியோடு கனவில் ஒரு பாட்டு. பிறகு டிவியில் மத்தியானம் போட்டார்கள். ரத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டதால், ஒருத்தன் முகமூடி மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் காமெடிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்: பொண்டாட்டிக்குப் பயந்த கொலைகாரன். ரங்கநாதன் தெருவில் பனியன் தொங்கியது. குழந்தைகளுக்குப் போனில் விளையாட்டு வந்தது: பூசணிக்காய் பொறுக்கிக்கொண்டே ஓடு, மண்ணாங்கட்டி துரத்துகிறான். கடைசியாக வெப் சீரிஸ். அதில் அவனுக்கு சிக்ஸ் பேக். அழுகிறான்.

அழுகிறான்! வெட்டுகிறவன் அழுகிறான், அதைப் பார்த்து வீட்டில் சோபாவில் உட்கார்ந்தவனும் அழுகிறான். வெட்டுப்பட்ட ஏழு பேரில் ஒருத்தன் பேர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அவர்களுக்கு ஏன் பனியன் இல்லை? முதல் படத்தில் அவன் எவனோ ஒருத்தன். இருட்டைப் பார்த்துப் பயப்படுவதுபோல அவனைப் பார்த்துப் பயந்தோம். இப்போது அவனுக்கு மனசு இருக்கிறதாம், காயம் இருக்கிறதாம். இரும்புக் கத்திக்குக்கூட அடுத்த பாகத்தில் ஒரு காதல் தோல்வி வைத்துவிடுவார்கள்.

4

இதெல்லாம் சும்மா எரிச்சல். எரிச்சலுக்காக யாரும் தி.நகர் வரை வெயிலில் போகமாட்டார்கள். போனதற்குக் காரணம் கயல்.

கயல் மண்ணாங்கட்டியின் மகள். ஆதம்பாக்கத்தில் புருஷன் பிரபுவோடு இருக்கிறாள். ஐந்து வருஷத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. [இங்கே ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அது அவளுடையது.] மூன்றாவதாக இப்போது ஆண் பிள்ளை. முப்பதாம் நாள் பேர் வைக்க வேண்டும்.

"என் பேரையே வையி. அதான் என்னெக் காப்பாத்திச்சு" என்றார் மண்ணாங்கட்டி.

"மாமா, இஸ்கூல்ல கலாய்ச்சே சாவடிச்சுருவானுங்க" என்ற பிரபு, சொன்ன வார்த்தைக்காக உடனே தன் வாயில் தானே அடித்துக்கொண்டான்.

"கூப்புடறதுக்கு அஸ்வின்னு வச்சிக்கோ, இன்னா வேணா வச்சிக்கோ. காதுல சொல்றது இத்த சொல்லு."

கயல் பிள்ளையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "நைனா, உனுக்கு வச்சப்போ அது குப்பைன்னு அர்த்தம். எமன் வேணாம்னு பூட்டான். இப்ப ஊருக்கே அது வெட்டறவன் பேரு. எமன் வாசல்ல நின்னு கேட்டா, நம்ம கூட்டாளி உள்ளதான் கீறான்னு நேரா வந்துட மாட்டானா?"

எழுபத்திரண்டு வருஷம் மண்ணாங்கட்டியைக் காத்த ஒரே பொருளை எவனோ எடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறான். பேரன் காதுக்கு அது உதவாது. பேர் வைக்க இன்னும் ஐந்து நாள்.

5

தி.நகரில் அந்தப் படம் எடுத்த கம்பெனியை இப்போது டைரக்டரின் மகன் பரத்வாஜ் நடத்துகிறார். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. மண்ணாங்கட்டி ஆதார் கார்டை மேசையில் வைத்தார்.

"அட ராமா! இது அப்பா கற்பனை பண்ணின பேர்னு இத்தனை நாள் நினைச்சுண்டிருந்தேன். எல்லாரும் வாங்கோ, ஒரிஜினல் மண்ணாங்கட்டி வந்திருக்கார்!"

ஏழெட்டுப் பேர் போனோடு வந்தார்கள். ஒருத்தன் முகமூடியைக் கொண்டுவந்து மாட்டப் பார்த்தான்.

"கைய எடு. செவுள்லயே உட்டுருவேன்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

"பேரை மாத்து தம்பி. ஒன் கொலைகாரனுக்கு வேற இன்னா பேரு வேணா வையி."

"தாத்தா, அந்தப் பேர்லதானே எல்லாமே இருக்கு."

"எனக்கும் அதான்."

பரத்வாஜ் பிரியமாகவே பேசினார். "கவலையே படாதீங்கோ. அடுத்த சீசன்ல ஜனங்க அவனைப் புரிஞ்சுப்பா. ஏன் அப்படி ஆனான்னு காட்டறோம். ஜுவேரியா, நீ சொல்லேன்."

ஜுவேரியா கதை எழுதுகிற பெண். திருவல்லிக்கேணிக்காரி. "அவனோட அம்மா தாத்தா. பெத்த அன்னிக்கே குப்பைல வீசிட்டுப் போயிடுவாங்க. அந்த வெறிதான் அவனை—"

"யார் சொன்னது?"

"பெரியவரோட நோட்ல இருந்துச்சு. ஒரே வரி. 'அம்மா குப்பையில் போட்டாள்'னு."

"தவுடு?"

"என்ன தவுடு?"

மண்ணாங்கட்டி எழுந்து நின்றார். "எங்காத்தா வீசலம்மா. ஒளிச்சி வச்சா. எமன் கண்ணுலேர்ந்து ஒளிச்சி வச்சா. எதிர்வூட்டுக்காரி தூக்கியாறதுக்குள்ள அவ எத்தினி தபா வாசலுக்கும் குப்பமேட்டுக்கும் ஓடியிருப்பா தெரியுமா? அவளையா கொலைகாரனப் பெத்தவளாக்கி வச்சிக்கிறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. ஜுவேரியா பரத்வாஜைப் பார்த்து, "சார், இது வேற கதை சார். மாத்திடலாம்" என்றாள்.

"ஷூட்டிங் முடிஞ்சுடுத்தேம்மா. தவுடெல்லாம் யாருக்குப் புரியும்? அம்மா வீசினாத்தான் எமோஷன்." இவர் பக்கம் திரும்பி, "ட்ரெய்லர் அன்னிக்கு நீங்க மேடைக்கு வரணும் தாத்தா, பொன்னாடை போர்த்தறோம்" என்றார்.

6

முடிவு ஒன்று: மண்ணாங்கட்டி மேசையிலிருந்த முகமூடியை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டு—

உங்களுக்கு இது பிடிக்கும், தெரியும். அதனாலேயே கிடையாது.

முடிவு இரண்டு: பரத்வாஜ் கண்கலங்கி, தன் தாயை நினைத்து—

இந்த அளவுக்குப் பொய் எழுத இவருக்குக் கை பழகவில்லை.

முடிவு மூன்று: கோர்ட். கேஸ் முடிவதற்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும்.

நடந்தது இதுதான். மண்ணாங்கட்டி மாடிப்படி இறங்கினார். ஜுவேரியா பின்னாலேயே வந்தாள். "தாத்தா, எழுதினது நான்தான். மன்னிச்சிருங்க. அந்தத் தவுட்டுக் கதையை முதல்லேர்ந்து சொல்லுங்க, நான் சரியா எழுதறேன்." போனில் ரெக்கார்டரைப் போட்டு நீட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நிஜத் தண்ணீராகவே இருக்கலாம்.

"இன்னொரு தபாவா?" என்று கேட்டுவிட்டு மண்ணாங்கட்டி நடையைக் கட்டினார்.

7

ஞாயிற்றுக்கிழமை ஆதம்பாக்கத்தில் சேலைத் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டார்கள். பிரபு போனை எடுத்தான். "உள்ள வையி மாப்ள" என்றதும் வைத்துவிட்டான்.

"நீயே சொல்லு நைனா. இன்னா தோணுதோ சொல்லு. நான் கேக்க மாட்டேன்" என்றாள் கயல். ஆனால் தூளியை விட்டு ஓரடிகூட நகரவில்லை.

மண்ணாங்கட்டி குனிந்தார். காது அவர் கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. மூன்று தடவை சொன்னார். பிள்ளை கொட்டாவி விட்டது. கயல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இவர் பார்க்கவில்லை.

என்ன பேர் என்று எழுதமாட்டேன். எழுதினால் எடுத்துக்கொள்வீர்கள். நீங்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். படிக்கிறவர்கள் ரொம்பப் பேர் நல்லவர்கள்தான். எடுப்பவன் நல்லவனா என்று பேருக்குத் தெரியாது. கதைக்கு முடிவு வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் தூங்குகிற பிள்ளையின் காதில் போய் ஒன்றைச் சொல்லுங்கள். அதை என்னிடமும் சொல்ல வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மண்ணாங்கட்டி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். தெருமுனையில் நின்றார். சொன்ன பேர் காப்பாற்றுமா? வேறு சொல்லியிருக்கலாமா? பேர்தான் காப்பாற்றியதா, இல்லை ஆத்தா ஓடின ஓட்டம் காப்பாற்றியதா? யாரைக் கேட்பது? கேட்டால் ஒவ்வொருத்தனும் ஒரு பதில் வைத்திருப்பான். எதிலும் நம்பிக்கை வரவில்லை. பஸ் வருகிறதா என்று பார்க்கக்கூட இல்லை. நடந்தார்.