மைக்கின் முதுகு

"இன்னிக்குப் பாட்டு ஓகே ஆச்சுன்னா, சாயங்காலமே உங்கள விட்டுட்டு, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு புது வாடகை வீட்டுக்குப் போயிடுவேன்."

சண்டை போட்டுச் சொல்லவில்லை. தலை வாரிக்கொண்டே கணவனிடம் சொன்னாள்.

தொண்டையில் ஆபரேஷன் நடந்து எட்டு மாதம். அதற்குப் பிறகு அவள் பாடப்போகும் முதல் பாட்டு இதுதான். ரெக்கார்டிங் இன்ஜினியர் அந்தக் கணவனேதான். ஸ்டூடியோவில் அவனுக்குப் பெயர் 'காது'.

வால்வ் மைக் சூடேற அரை மணி நேரமாகும். காதுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. டார்ச் லைட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போலிருந்த அந்த மைக்கை அரைச்சுற்று திருப்பினான். ஒரு பக்கம் மட்டும் கேட்கும்படி வைத்த மைக். அதன் முதுகுக்குப் பாடினால் செவிடன் காதில் ஊதிய சங்குதான். முன்பக்கத்துக்கு அடையாளம் நகக்கண் அளவு முத்திரை. அது இப்போது சுவரைப் பார்த்தது. அவள் கவனிக்க மாட்டாள். எச்சில் தடுக்கும் துணி வலை குறுக்கே இருந்தது. தவிர, ஒன்பது வருஷமாக மைக் வைப்பது அவன் வேலை, கண்ணை மூடிப் பாடுவது அவள் வேலை.

பல்லவி பாடினாள். குரல் ஈனமாக வந்தது. ஒலியளவைத் தூக்கினான், அறையின் எதிரொலியும் கூடவே எழுந்தது. பாழுங்கிணற்றிலிருந்து பாடுவது போல.

இசையமைப்பாளர் சோபாவில் நிமிர்ந்தார். "என்னம்மா, தொண்டைக்குப் போர்வை போத்தியிருக்கியா? காது, மைக்ல ஏதாச்சும் கோளாறா?"

"மைக் நல்லாருக்குண்ணே. கட்டினவன் நான், என் வாயால எப்படிச் சொல்றது?"

பாடும் அறைக்குள் கேட்கும்படி பேசும் பட்டனை அழுத்தியபடியே சொன்னான். அவளுக்குக் கேட்க வேண்டுமே.

ஹெட்போனில் தன் குரலைக் கேட்டவளின் முகம் வெளிறியது. இரண்டாவது டேக்கில் அழுத்திப் பாடினாள். மூன்றாவதில் கத்தினாள். தையல் பிரித்த தொண்டை எத்தனை தாங்கும்? சரணத்தில் குரல் நிஜமாகவே உடைந்தது.

"போதும்மா, ரெஸ்ட் எடு. வேற பொண்ண வரச் சொல்றேன்." இசையமைப்பாளர் போனோடு வெளியே போனார்.

அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஏங்க, வீட்ல நல்லாத்தானே வந்துச்சு?"

"பாத்ரூம்ல எல்லாருக்கும் நல்லாத்தான் வரும்."

"என் மேல கோபத்துல சொல்லலியே?"

"எனக்கென்ன கோபம்? வீட்ட விட்டுப் போறது நீதானே."

அவள் போனை எடுத்து, புது வீட்டுக்காரரிடம் கரகரத்தாள். "வேண்டாங்க. வேற யாருக்காவது விட்டுடுங்க."

அவள் முகம் கழுவப் போன இடைவெளியில் காது உள்ளே போய் மைக்கை நேராக்கினான்.

இசையமைப்பாளர் அழைத்த பெண் வந்தாள், பாடினாள். ஸ்பீக்கரில் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல விழுந்தது. மனைவி அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"எவ்வளவு சுத்தமா இருக்கு."

"உனக்கும் இப்படித்தான் இருந்துச்சு," என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான்.