தண்ணீரில் நின்ற கண்ணாடி

எங்கள் கம்பெனியில் திரை கருத்துப்போனால் யாரும் பதற மாட்டோம். "தண்ணி குடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அவ்வளவு பழகிப்போன சாவு அது.

சிறுசேரியில் ஓர் அறையில் உட்கார்ந்து நாங்கள் செய்வது ஒரு குட்டிக் கண்ணாடி. கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். அதன்மேல் லேசர் ஒளி விழும். கண்ணாடி தலையாட்டி அந்த ஒளியைத் தோல்மீது மேயவிடும். தோலுக்கடியில் ஓடும் ரத்தம் ஒளியை விழுங்கிவிட்டு, மனிதக் காதுக்கு எட்டாத ஒரு சத்தம் போடும். அதைப் பிடித்துக் கணினி ரத்தக் குழாய்களைச் சிவப்பாக வரைந்து காட்டும். அந்தச் சத்தம் காற்றில் காணாமல் போய்விடும் என்பதால் கண்ணாடி தண்ணீருக்குள்ளேயே ஆட வேண்டும். வினை அங்கேதான். எந்தப் பூச்சு பூசினாலும் தண்ணீர் எப்படியோ உள்ளே புகுந்துவிடும். கண்ணாடி செத்துவிடும்.

செத்தது கண்ணாடிதானா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தோம். கண்ணாடி பொருத்திய கருவிக்கு அடியில் எங்கள் கைக் கட்டைவிரலை நீட்டுவோம். உயிருள்ள கண்ணாடி என்றால் விரலின் ரத்தக் குழாய்கள் திரையில் வேப்பங்கிளை மாதிரி விரியும்.

என் அப்பா ஜான்சன் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கண்ணாடி தண்ணீரில் சாகாமல் நிற்காவிட்டால் கம்பெனியை மூடிவிடுவார்கள் என்று ஒருநாள் வீட்டில் அழுதேன். உடனே அது நிற்க வேண்டும் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டுவிட்டார். ஆகஸ்டில் காவி வேட்டி கட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக ஈசிஆரில் வெறுங்காலில் நடந்தார். "செருப்பு போட்டுகினு நடப்பா, சுகர் கீது உனக்கு" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மாதாவைப் பார்க்கச் செருப்போடா போவார்கள் என்று என்னையே திட்டினார்.

திரும்பி வந்தபோது பெருமை பிடிபடவில்லை. "இந்த வாட்டி தாரு சுடவேல்ல ஜெனி. மாமல்லபுரம் தாண்டி, கடப்பாக்கம் தாண்டி, பூ மேல நடக்குற மாரியே இருந்துச்சி. எல்லாம் மாதா அருளு."

எப்படிச் சுடும்? சர்க்கரை வியாதி பாதத்தின் உணர்ச்சியைத் தின்று தீர்த்திருந்தது. உள்ளங்கால் வெந்து கொப்புளித்தது உறைக்காததை அருள் என்று எண்ணி நடந்திருக்கிறார் மனுஷர். எனக்கு மாதாமேல் கோபமில்லை. அப்பாமேல் இன்றுவரை ஆறவில்லை.

அக்டோபரில் புதுப் பூச்சு பூசிய கண்ணாடி தண்ணீரில் சாகாமல் தாக்குப்பிடித்து நின்றுவிட்டது. நாங்கள் கேக் வெட்டிய அதே வாரம் அப்பாவின் வலது கால் பெருவிரல் கருக்கத் தொடங்கியது.

செங்கல்பட்டில் பார்த்த டாக்டர் முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். நான் கெஞ்சவும், பாதத்தில் ரத்தம் ஓடுவது தெரிந்தால் விரலோடு நிறுத்திப் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். ஆட்டோவில் பிரேக் மிதிப்பது வலது கால். பாதம் போனால் ஆட்டோ போயிற்று. ஆட்டோ போனால் அப்பா உட்கார்ந்த இடத்திலேயே செத்துவிடுவார்.

நோயாளிகளின் பாதங்களை ஆராய்ச்சிக்காகப் படம் எடுக்க அப்போது எங்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. முதலாளி ஜெயகிருஷ்ணன் சாரிடம் பேசி அப்பாவை அழைத்துவந்தேன். லேசருக்காகக் கண்ணில் மாட்டிவிட்ட பச்சை கிளாஸோடு அப்பா சிரித்தார்.

"வெல்டிங் பட்டறை ஆளு மாரி கீறனா?"

"கால ஆட்டாம சும்மா இருப்பா."

கருவியைப் பாதத்தின்மேல் வைத்தேன். திரை கருப்பு.

"தண்ணி குடிச்சிடுத்தா?" என்றார் சார்.

இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தாயே, இந்தக் கண்ணாடி செத்திருக்கட்டும். வேறு கண்ணாடி மாட்டிக் குதிகாலில் வைத்தேன். கருப்பு. கணுக்கால் பக்கம் நகர்த்தினேன். அங்கேயும் கருப்புதான்.

இனி என் கட்டைவிரல்தான் பாக்கி. நீட்ட எனக்கு மனம் வரவில்லை. சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் காலை ஒட்டி, கருவிக்கு அடியில் விரலை நுழைத்தேன்.

திரை முழுக்கச் சிவப்பு. கிளைகிளையாக, தெளிவாக.

"ஜெனி! பாத்தியா!" அப்பா கத்தினார். "ரத்தம் எப்டி ஓடுது பாரு! இன்னாமோ வெட்டணும்னு சொன்னாரே அந்த டாக்டரு. மாதா கைவுடுவாளா?"

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரலை எடுத்தால் திரை கருத்துவிடும். எடுக்காமலே வைத்திருந்தேன்.

"அது என் வெரலுப்பா."

அப்பா குனிந்து என் விரலைப் பார்த்தார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். பிறகு பச்சை கிளாஸைக் கழற்ற முயன்று, முடியாமல் விட்டுவிட்டார்.

"அப்போ கண்ணாடி கெடலையா?"

"கெடலப்பா. நல்லா கீது."

"தண்ணில நிக்குதுல்ல?"

"நிக்குதுப்பா."

அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நான் அதத்தான கேட்டேன்" என்றார். "காலக் கேக்கலியே."