திரைச்சீலைக்கு என்று சொல்லி வாங்கிய டிரில்

மாமனார் மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். அதற்குள் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தாக வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனவர் மறுபடி ஒரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்று, ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், மருமகளைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தாள். கம்பியை அவள் அன்றே வாங்கிவிட்டாள். அதைச் சுவரில் பொருத்துவதில்தான் வில்லங்கம்.

தெருமுனையிலேயே ஓர் எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவார். ஆனால் மாமனார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வெளியாள் எவனும் நம்ம பாத்ரூமுக்குள்ள வரக்கூடாது. இன்னைக்கு கம்பி அடிப்பான். நாளைக்கு முடிவெட்டுற கடையில உக்காந்து, கண்டக்டருக்கு இப்பல்லாம் கம்பி புடிச்சாத்தான் காரியம் ஆகுதுன்னு கதை சொல்லுவான்."

ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர். அந்தப் பெருமை தெருவுக்கே தெரியும்.

"நானே போட்டுடறேன் மாமா."

"நீயா? உனக்கு என்ன தெரியும்?"

"ஃபாக்டரியில எங்க லைன் மெஷினை எல்லாம் யாரு பாத்துக்கறது? நான்தானே?"

"அது துணி. இது செவுரு."

"அங்கயும் ஓட்டைதான் போடறோம், இங்கயும் ஓட்டைதான்."

அவர் சிரிக்கவில்லை. "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று மட்டும் சொன்னார்.

கணவன் சரக்கு லாரியோடு எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தான். போனில் அவன் கொடுத்த ஒரே யோசனை, "நல்லதா பாத்து வாங்கு" என்பதுதான். நல்லது எது என்பதை அவனும் சொல்லவில்லை.

குளியலறையில் பிளக் பாயிண்ட் கிடையாது. ஈரத்தரையில் வயரை இழுத்துக்கொண்டு போக அவளுக்குப் பயம். ஆகவே பாட்டரியில் ஓடும் டிரில்தான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, வேலை முடிந்த கையோடு இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். கடையை நடத்துவது ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துப் பேசுகிறவர்.

"டிரில்லா? பெரிய விலையில வேணுமா, சின்ன விலையிலயா?"

"சின்னதுதாம்மா. வீட்டு வேலைக்கு."

"வீட்டு வேலைன்னா? என்ன மாட்டப் போறே?"

அவளுக்குப் பின்னால் ஆணி வாங்க ஒருவர் நின்றிருந்தார். அவர்கள் தெருக்காரர், பேங்க்கில் வேலை பார்ப்பவர், விசாரிப்பதில் கெட்டிக்காரர். மருமகளின் நாக்கு தானாகவே திரும்பிக்கொண்டது.

"ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டணும்."

"அவ்வளவுதானே!" கடைக்காரம்மா மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. அதன் பாட்டரி உள்ளேயே பதிந்தது. கெட்டுப்போனால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டியதுதான். இன்னொன்று கனமானது. அதன் கழுத்து வளையத்தில் திருகாணிப் படம், துளைப்பிட் படம், சுத்தியல் படம் என்று மூன்று இருந்தன. நடுவில் இருந்ததோ கைக்கு அடக்கமாக, பாட்டரியைக் கழற்றி மாட்டும்படி இருந்தது. வளையத்தில் சுத்தியல் படம் மட்டும் இல்லை.

"சுத்தியல் படம் எதுக்கும்மா?"

"அது காங்கிரீட்டுல அடிச்சு அடிச்சு உள்ள போறதுக்கு. உனக்கு எதுக்கு அது? திரைச்சீலைக்கு இந்த நடுவுல உள்ளது தாராளம். மணிக்கட்டும் வலிக்காது."

சுத்தியல் படம் போட்டதையே கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்பார். பேங்க்காரர் ஆணியை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவள் நடுவில் இருந்ததையே வாங்கிக்கொண்டாள். டைலுக்கு ஒரு பிட், சுவருக்கு ஒரு பிட், கூடவே, திருகாணி பிடிப்பதற்காகத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் ஒரு பொட்டலம்.

வீட்டுக்கு வந்து அளவெடுத்தாள். டைலில் பிட் வழுக்காமல் இருக்கக் காகித டேப்பை ஒட்டி, அதன்மேல் பென்சிலால் புள்ளி வைத்தாள். டைல் சமர்த்தாக விட்டுக்கொடுத்தது. வெள்ளைத் தூள் கோடாக வழிந்தது. பிட்டை மாற்றி மறுபடி அழுத்தியதும் சாம்பல் தூள் கொஞ்சம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. டிரில் கத்தியதே தவிர நகரவில்லை. தோளைக் கொடுத்து அழுத்தினாள். பிட்டின் நுனி தொட்டால் சுடும் அளவுக்குக் காய்ந்தது. துளை விரல்நுனி போகிற ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. நான்கு துளையும் அப்படித்தான். கடைசித் துளையில் பாட்டரியும் மூச்சை விட்டது.

பிளக்கைச் செருகினாள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் சமையலறைக் கத்தியால் நீட்டிக்கொண்டிருந்ததைச் சீவிவிட்டு, குட்டைத் திருகாணிகளைப் போட்டு முடுக்கினாள். வெளியிலிருந்து பார்க்கக் கம்பி பளபளவென்று நேராக, கச்சிதமாக இருந்தது. படம் எடுத்துக் கணவனுக்கு அனுப்பினாள். அவன் கைதட்டும் பொம்மையை அனுப்பினான்.

ஃபாக்டரியில் தைத்த பட்டனை இழுத்துப் பார்க்காமல் அவள் பெட்டிக்குள் போகவிட்டதில்லை. கை சும்மா இருக்குமா? கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் சாய்ந்தாள். டைலுக்கும் கம்பியின் தட்டுக்கும் நடுவில், ஒரு தாள் நுழைகிற அளவு இடைவெளி திறந்து, விட்டதும் மூடிக்கொண்டது.

அவள் ஒல்லி. மாமனார் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. ஈரக்கால், வலிக்கும் இடுப்பு, எழுந்திருக்கும்போது முழுப் பாரத்தையும் கம்பியில் போடுவார். கம்பியே இல்லாவிட்டால்கூட ஜாக்கிரதையாக இருப்பார்; இது இருப்பதால் நம்பிப் பிடிப்பார். அன்று சோறு இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

காலையில் கடை திறக்கும்போதே டிரில்லும் கையுமாக நின்றாள். பேங்க்காரர் அன்றும் வந்திருந்தார். முதல்நாள் வாங்கிய ஆணி அளவு தப்பாம்.

"என்னம்மா, திரைச்சீலை தொங்குதா?" என்றார் கடைக்காரம்மா.

அவள் பேங்க்காரரைப் பார்த்தாள். அவர் போகிற வழியாகத் தெரியவில்லை. மணியோ ஓடிக்கொண்டிருந்தது.

"திரைச்சீலை இல்லம்மா. பொய் சொல்லிட்டேன். எங்க மாமாவுக்கு இடுப்பு ஆபரேஷன். பாத்ரூம்ல புடிச்சுக்கக் கம்பி. துளை இறங்கவே இல்ல. இன்னைக்கு மதியம் வந்துடுவாரு."

கடைக்காரம்மாவின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "அடிப்பாவி! மனுஷன் தொங்கறதுக்கா இதை வாங்கிட்டுப் போனே? நேத்தே வாயைத் திறந்திருக்கக் கூடாதா? சரி, எவ்வளவு எடை இருப்பாரு? அதுக்குத் தகுந்த திருகாணி எடுக்கணும்."

அவளுக்குத் தெரியாது. போனை எடுத்தாள்.

"மாமா, உங்க எடை எவ்வளவு?"

"காலங்காத்தால எதுக்கு?"

"கம்பிக்கு."

கடையில் அவளுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தகடு சத்தத்தோடு விழுந்தது. மாமனாரின் குரல் மாறியது. "எங்கே இருக்கே?"

"கடையில."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் மாமா."

"யாரு யாரு இருக்கா?"

"கடைக்காரம்மா. அப்புறம்... நம்ம தெரு பேங்க்காரர்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. இனிமேல் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே குரல் வந்தது.

"எண்பத்தாறு. தொண்ணூறுன்னே சொல்லு. போனை அந்த அம்மாகிட்ட குடு."

கடைக்காரம்மா போனை வாங்கினார். மாமனார் பேசியது கடை முழுக்கக் கேட்டது. அவருக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

"அம்மா, விழப்போறது நான்தான். விலை குறைச்சலா இருக்கட்டும், வேலை குறைச்சலா இருக்கக் கூடாது. அந்த பேங்க்காரன் நிக்கிறானாமே? நம்பிக்கை இல்லன்னா அவனை விட்டே தொங்கிப் பாக்கச் சொல்லு."

பேங்க்காரர் ஆணியைத் தேடுவதில் மும்முரமானார்.

"ஒரு சாயங்காலம்தானே ஓடியிருக்கு, அதை வெச்சுட்டு இதை எடுத்துட்டுப் போ" என்று கடைக்காரம்மா சுத்தியல் படம் போட்ட பெட்டியைத் தள்ளினார். "இதுவும் நம்ம கடையில மலிவுதான். பழைய ஓட்டைய நம்பாதே. ஒரு சாண் தள்ளிப் புதுசா போடு. பிளக் முழுசா உள்ள போகணும். போகலன்னா சீவாதே, இன்னும் தோண்டு."

கத்தியால் சீவியது இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும் என்று அவள் திடுக்கிட்டாள். முகத்திலேயே எழுதியிருந்தது போலும்.

புது பாட்டரி சார்ஜ் ஏறச் சிவப்பு விளக்கு எரிந்தது. அது பச்சையாகிற வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்குள், ஆஸ்பத்திரியில் கணக்கு முடிந்துவிட்டது, வண்டி ஏறப்போகிறோம் என்று அங்கே துணைக்கு இருந்த உறவுக்காரரிடமிருந்து செய்தி வந்துவிட்டது. டிரில்லைச் சுவரில் வைத்ததும் மணிக்கட்டிலிருந்து பல் வரை அதிர்ந்தது. தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. பிளக் கடைசிவரை போய் உட்கார்ந்தது. நீளத் திருகாணியை முடுக்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கினாள். இடைவெளி திறக்கவில்லை. நம்பாமல் மறுபடி தொங்கினாள். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்கும்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

மாமனார் வாக்கரை ஊன்றி வந்தார். கம்பியைப் பார்த்தார். அதற்குக் கீழே சுவரில் திறந்து கிடந்த நான்கு பழைய துளைகளையும் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் வெளியே நின்றாள். தண்ணீர் விழுந்தது, நின்றது. பிறகு சத்தமே இல்லை. இரும்பில் மோதிரம் உரசுகிற ஒலி கேட்டது. ஒரு நீண்ட முனகல். அவள் உள்ளங்கை கதவில் பதிந்திருந்தது.

"அங்கயேதான் நிக்கிறியா?" என்றார் உள்ளிருந்து.

"ஆமா மாமா."

"எழுந்து நின்னுட்டேன். போய் வேலையைப் பாரு."

அவள் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"ஏம்மா," என்றது குரல், முன்னைவிடத் தாழ்வாக. "ரொம்ப தூரம் போயிடாதே."