மாமி, நீங்களே பாடுங்கோ

அடையாறில் மறதி நோய் வந்த பெரியவர்களுக்குப் பாட்டால் சிகிச்சை தருகிறாள் மதுவந்தி. நல்ல பெண்தான். ஆனால் என் வீட்டுக்காரர் கிச்சாவிடம் அவள் பாச்சா பலிக்கவில்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னையே சமையற்காரி என்று நினைத்துக் காபி கேட்கிற மனுஷர்.

"பழகின குரலுக்குத்தான் திரும்புவா. மாமி, நீங்களே பாடுங்கோ" என்றாள் ஒருநாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மார்கழி சீசனில் மத்தியானக் கச்சேரி பாடியவள் நான். கல்யாணமான கையோடு, "நாலு பேர் முன்னால உக்காந்து பாடறதெல்லாம் நம்மாத்துல கிடையாது" என்று முடித்துவிட்டார். அடுக்களையில் முணுமுணுத்தால்கூட, ரேடியோவில் செய்தி கேட்கவில்லை என்று கத்துவார். என் குரல் அவருக்கு எங்கே பழகியிருக்கும்?

ஆனாலும் ஒரு நப்பாசை. நன்றாகப் பாடுகிறாய் என்று ஒரே ஒரு தரம் அந்த வாயிலிருந்து வந்துவிடாதா? மதுவந்தி ஸ்ருதிப்பெட்டியைப் போட, காம்போதியில் ஆரம்பித்தேன். மேலே போகும்போது குரல் பிசிறியது. நான் விடவில்லை.

இவர் நிமிர்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொடையில் தாளம் போட்டார், அதுவும் சரியாக. மதுவந்தியின் கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும்தான், பொய் எதற்கு.

முடித்ததும் மதுவந்தி பக்கம் சாய்ந்து, தன் அம்மாவிடம் பேசுவதுபோலக் கேட்டார்: "சொஜ்ஜி பஜ்ஜி இன்னும் வரலையாம்மா?"

மாம்பலத்தில் என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்தது.

"பொண்ணு நன்னாப் பாடறா. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். நான் ஏங்கிய வார்த்தை. உடனே குரலைத் தாழ்த்தினார். "கல்யாணத்துக்கப்புறம் பாட்டுக் கூடாதுன்னு இப்பச் சொல்லிடாதே. தாலி கட்டினப்புறம் நான் பாத்துக்கறேன்."

அப்போதே முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறார், பாவி. மதுவந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கு என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இன்று நானே சொன்னேன்: "எனக்குப் பிள்ளையைப் பிடிக்கலை."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அழப்போகிற குழந்தை மாதிரி உதடு கோணியது. எனக்குத் துளியும் இரக்கம் வரவில்லை.

ஆட்டோ வந்தது. செருப்பை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து, மயிலாப்பூர் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பிடிக்கவில்லை என்றால் மட்டும் என்ன, ராத்திரிக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்ட வேண்டுமே.