பெயர் வைக்காத கடலை

நிலக்கடலை ஆராய்ச்சி செய்கிறவரின் மகளுக்கு நிலக்கடலையே ஆகாது என்று தெரிந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அப்பாவின் சட்டைப்பையைத் துழாவிய விரலை அவள் வாயில் வைத்தாள், அவ்வளவுதான். உதடு வீங்கி மூச்சு திணறியது. ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

அன்றிலிருந்து அவர் ஆராய்ச்சி நிலையத்திலேயே குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார். நகக்கண்ணைக்கூட பிரஷ் போட்டுத் தேய்ப்பார். வாசலில் மகள் அவர் கையை மோந்து பார்த்து, "பாஸ்!" என்ற பிறகுதான் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

"பேசாம வேற பயிருக்கு மாறிக்கங்களேன்," என்றாள் மனைவி. "உளுந்து இல்லையா, துவரை இல்லையா?"

"இவளுக்காகத்தான் இதுலயே இருக்கேன்."

ஒவ்வாமையைக் கிளப்பும் முக்கியமான புரதம் இல்லாத கடலையை அவர் தேடிக்கொண்டிருந்தார். குணம் மாறட்டும் என்று கதிர்வீச்சு காட்டிய விதைகளை விதைப்பார்; காய்த்ததும் ஒவ்வொரு பருப்பிலும் ஒரு துணுக்கைச் சீவிச் சோதிப்பார். அந்தப் புரதம் இருந்தால் சோதனைத் தகட்டில் நீலக் கோடு விழும். ஏழு வருடமாக விழுந்துகொண்டே இருந்தது.

மகளுக்கு ஒன்பது வயது. சாயங்கால விளையாட்டு நேரத்தில், பள்ளி மைதானத்தில் தோழி ஒருத்தி பிஸ்கட்டைப் பாதி பிட்டுக் கொடுத்தாள். அதில் கடலை இருந்தது இருவருக்கும் தெரியாது. ஆபத்துக்கென்று எப்போதும் கொடுத்தனுப்பும் ஊசி அவள் பையில் இருந்தது. பை மாடி வகுப்பறையில். ஆசிரியை அப்பாவைப் பதினொரு முறை அழைத்தார். போன் ஆராய்ச்சி நிலையத்து அலமாரிக்குள் அடித்து ஓய்ந்தது.

ஈரத்தலையோடு அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மனைவி மகளின் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போயிருந்தீங்க?"

"குளிச்சிட்டிருந்தேன்."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே அற்றுப்போனது.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். சோதனைக்கூடத்து அம்மாள் தகட்டைத் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

"ஒரு செடியில கோடே விழல சார். மூணு தடவை பாத்துட்டேன்."

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெறும் தகடு.

"பதிவு பண்ணணும் சார். பாப்பா பேரையே வச்சிடலாமா?"

"வேணாம்மா. கடலைன்னாலே அவளுக்குப் பயம். வெறும் நம்பர் போடுங்க."

அன்று மாலை மனைவியிடம் சொன்னார்.

"கொஞ்சம் முன்னாடியே கிடைச்சிருக்கக் கூடாதா?"

முன்பே கிடைத்திருந்தாலும் அது கடைக்கு வரப் பத்து வருடமாவது ஆகியிருக்கும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் விலகவில்லை. அன்றுதான் இருவரும் சேர்ந்து, சத்தம் போட்டு அழுதார்கள்.